குடத்துக்கு ஒரு மடக்கு

என் கன்னத்தில் விழுந்த அறைகளில், என் தகப்பன் கொடுத்தவை போக மிச்சம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கொடுத்தவர் மைசூரிலிருந்து வந்த ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர். சந்தைத் தெருக் குழாய்க்கு அப்போதுதான் புதுப் பித்தளைத் திருகு மாட்டி முடித்திருந்தேன். தண்ணீர் ஜோராக வந்தது. குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி, வாய்க்குக் கொண்டுபோனேன். பளார் என்று விழுந்தது. கையில் இருந்த தண்ணீர் மூக்கில் ஏறி, கண்ணில் பூச்சி பறந்தது. நிமிர்ந்து பார்த்தால் என் தோளுயரம்கூட இல்லாத ஒரு மனிதர். கறுப்புக் கோட்டு, பஞ்சகச்சம், நெற்றியில் நாமம், கக்கத்தில் குடை. "கழுதே! எமனுக்குக் கையேந்தறயா?" என்று கத்தினார். காலடியில் முழங்கை நீளத்துக்குப் பைப் ரெஞ்சு கிடந்தது. எடுத்து ஓங்கிவிட்டேன். மனிதர் ஓர் அடிகூடப் பின்னால் போகவில்லை. மூக்குக் கண்ணாடியை மட்டும் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "அடிக்கறதானா அடிச்சுட்டுப் போ. போய்க் கிணத்து ஜலத்தைக் குடி. இதுல வாய் வச்சயோ, தொலைஞ்சே" என்றார். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. நின்ற கையிலிருந்து ரெஞ்சைப் பிடுங்கினார். நான் சற்றுமுன் மாட்டிய திருகின் கழுத்தில் ஓங்கி ஒரு போடு போட்டார். பித்தளை இரண்டாக உடைந்து சாக்கடையில் விழுந்தது. எனக்குக் கன்னத்தைவிட அதுதான் வலித்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. மைசூரிலிருந்து குண்டலுபேட்டைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம், அங்கே எனக்கு இன்றும் சம்பந்திகள் இருக்கிறார்கள். நான் கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கத்துக்காரன். அப்போது கொள்ளேகால் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. இரண்டாம் கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மைசூருக்கு நடந்தே வந்து, தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, அங்கேயே சாக்கை விரித்துப் படுத்து, ஒரு காண்ட்ராக்டரிடம் பைப்புக்கு மரை போடப் பழகினேன். இன்றைக்கு மைசூரில் பாதி மொஹல்லாத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறுவது நான் பூட்டிய பைப்பில்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் பொய்யில்லை. பெரிய படிப்புப் படித்த இஞ்சினியர்கள் என் கடை வாசலில் நின்று, "அண்ணே, இந்தத் தெருவில் லைன் எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டிருக்கிறார்கள். பூமிக்குள் போட்டதைக் காகிதத்தில் தேடினால் கிடைக்குமா? போட்டவனைத்தான் கேட்க வேண்டும்.

அந்த ஊருக்குக் குழாய் போட்டவர்களில் நானும் ஒருவன். ஊருக்கு வெளியே இஞ்சின் கொட்டகையில் ஒரு பெரிய கிணறு. அங்கிருந்து கரட்டு மேட்டில் கட்டிய தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். தொட்டியிலிருந்து தெருக்களுக்கு இறங்கும். குழாய் வந்த புதிதில் ஜனங்கள் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டார்கள். அடுத்த கோடையிலேயே வாந்திபேதி வந்தது. கீழ்த்தெருவில் ஆரம்பித்து ஊர் முழுக்கப் பரவியது. காலையில் கடைக்கு வந்தவன் சாயங்காலம் பாடையில் போனான். இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் அந்த இன்ஸ்பெக்டரை அனுப்பியிருந்தார்கள். லைன் தெரிந்தவன் நான் ஒருத்தன் என்பதால், காண்ட்ராக்டர் என்னை அவரோடு கோத்துவிட்டார். அறைந்தவனும் அறை வாங்கியவனும் ஒரே நுகத்தில்.

அவரைப் போல ஒரு முன்கோபியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அக்ரஹாரத்து மனிதர், மேலுகோட்டைப் பக்கத்துப் பழைய வைஷ்ணவக் குடும்பம். தமிழும் கன்னடமும் கலந்து, எதிலே திட்டினால் உறைக்குமோ அதிலே திட்டுவார். நான் அவரைச் சாமி என்பேன். அவர் என்னைக் கழுதை என்பார். ஊரில் ஒருவர் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார். மைசூரில் அவருடைய அக்ரஹாரத்து வீட்டிலிருந்து திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜாவில் தண்ணீர் வரும், தினமும் பஸ்ஸில், கண்டக்டர் கையில். அதை மட்டும்தான் குடிப்பார். இப்படிப்பட்டவர் சந்தையில் இறங்கி, சர்பத்துக்காரன் பானையைக் காலால் எத்தி உடைத்தார். நறுக்கி வைத்த பலாச்சுளைத் தட்டைச் சாக்கடையில் கவிழ்த்தார். கேட்க வந்தவனைக் குடைக் காம்பால் விலாவில் குத்தினார். "சாமி, இப்படியே போனா நம்மளக் கூறு போட்டுருவாங்கொ" என்றேன். "போடட்டும். செத்தவன் ஜலம் கேக்கமாட்டான், அவாளுக்கு அதுவே லாபம்" என்றார்.

அவர் டிரங்குப் பெட்டியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் கறுப்புக் கிண்ணம் ஒன்று, வெள்ளைக் கிண்ணங்கள் ஒரு வரிசை. வெள்ளைக் கிண்ணங்களில் சோதிக்க வேண்டிய தண்ணீரை ஊற்றி, பிளீச்சிங் பவுடர் கரைசலைக் கறுப்புக் கிண்ணத்தில் கலந்து, முதல் கிண்ணத்துக்குக் கொஞ்சம், அடுத்ததற்குக் கூட, அதற்கடுத்ததற்கு இன்னும் கூட என்று சொட்டு விடுவார். அரை மணி காத்திருந்து வேறொரு மருந்தைச் சொட்டினால், சில கிண்ணங்கள் நீலமாகும். அவர் திட்டிக்கொண்டே சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான்: தண்ணீரில் இருக்கும் அழுக்கு பவுடரைத் தின்றுவிடும், தின்றது போக மிச்சம் இருந்தால்தான் நீலம் வரும். நீலம் வந்தால் நல்லது. கடைசிக் கிண்ணம்கூட வெள்ளையாகவே நின்றால், அந்தத் தண்ணீர் எமன். இன்றைக்கு என் வீட்டு அடுக்களைச் சுவரில் ஒரு தண்ணீர் மிஷின் தொங்குகிறது. நீல விளக்கு எரிந்தால் குடி என்று மருமகள் சொல்கிறாள், நாங்களும் குடிக்கிறோம். அன்றைக்கு அந்த ஊரில் நீலத்துக்கு வேறு அர்த்தம் இருந்தது. அதுதான் எங்கள் எலும்பை முறித்தது.

இஞ்சின் கொட்டகைக் கிணற்றில் எடுத்த தண்ணீர் முதல் கிண்ணத்திலேயே நீலமாகிவிட்டது. தெருக் குழாய்களில் எடுத்தது எல்லாம் பால் மாதிரி வெள்ளையாக நின்றது. அப்படியானால் கிணற்றுக்கும் குழாய்க்கும் நடுவில் எங்கேயோ எமன் ஏறுகிறான். "எங்கே? எல்லாம் உன் ஜாயிண்டு லட்சணம்தான். சாக்கடை ஓரமா பைப்பைப் போட்டு அரைகுறையாப் பூட்டியிருக்கே" என்றார். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், என் ஜாயிண்டைச் சொல்லக்கூடாது. சாக்கடை ஓரம் போகும் இடத்தைப் பார்த்து வெட்டினேன். மார்பளவு குழி. பைப்பைச் சுற்றி மண் புழுதியாக உதிர்ந்தது, ஒரு துளி ஈரம் இல்லை. "இறங்கிப் பாருங்கொ சாமி" என்றேன். மேலே நின்றபடியே, "ஈரம் காஞ்சிருக்கும்" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ வெறி, கோட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் குழிக்குள் தள்ளினேன். விழுந்தவர் எழுந்து என் வயிற்றில் முட்டினார். அந்தக் குழிக்குள் இரண்டு பேரும் கட்டிப் புரண்டோம். மேலே கூட்டம் கூடி, மல்யுத்தம் பார்ப்பதுபோல் கைதட்டியது. அவர் நாமம் அழிந்தது, என் உதடு கிழிந்தது. கடைசியில் மூச்சிரைக்க உட்கார்ந்து, ஜாயிண்டை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். விரலை மூக்கில் வைத்து மோந்தார். "நன்னாத்தான் பூட்டியிருக்கே, கழுதே" என்றார். என் பிழைப்பில் எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்டுகளில் அதுதான் உசத்தி.

மிச்சம் இருந்தது மேட்டுத் தொட்டி. மேலே ஏறி இரும்பு மூடியைத் தூக்கினேன். குப்பென்று அடித்தது. உள்ளே மஞ்சள், குங்குமம், அழுகின சாமந்தி, வேப்பிலை, பாதித் தேங்காய்கள், இரண்டு மூன்று வளையல்கள். தண்ணீர் மேல் ஆடை கட்டியிருந்தது. தொட்டிக் காவல்காரன் கொஞ்சமும் கூச்சப்படாமல் விவரம் சொன்னான். குழாய் வருவதற்கு முன்னால் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது கோயில் கல்யாணி, அதாவது படிக்கட்டுக் குளம். அதில் கங்கம்மா இருக்கிறாள். குழாய் வந்ததும் கல்யாணிப் படியில் குடிதண்ணீருக்கு ஆள் இறங்குவது நின்றுபோயிற்று. பெற்றவளை மறந்துவிட்டுப் புகுந்த வீட்டில் சுகப்படுகிற மகளை ஊர் பழிக்காதா? அதனால் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கல்யாணியில் குடம் நிறைத்து, மேளத்தோடு மேடேறி வந்து, கங்கம்மாவைத் தொட்டிக்குள் ஊற்றுகிறார்கள். தாயார் மகள் வீட்டுக்கு வந்துபோவதுபோல. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் வாந்திபேதியில் செத்தவர்களின் துணியை அலசுவதும் அதே கல்யாணிப் படியில்தான். இன்ஸ்பெக்டர் மூடியின் ஓரத்தில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். முதல் தடவையாக அவர் யாரையும் திட்டவில்லை.

வரப்போகிற வெள்ளிக்கிழமை ஊர்த் தேர். சுற்றுவட்டாரமே திரளும். தேர் நாளில் ஒரு குடமல்ல, வீட்டுக்கு ஒரு குடம் தொட்டிக்குள் போகும். வந்த ஜனம் முழுக்க அதைக் குடித்துவிட்டுத் தன் தன் ஊருக்குத் திரும்பும். அதற்குள் தொட்டியை மூட வேண்டும். இது ஒன்றுதான் அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு மூச்சு. ஊர்க் கௌடரிடம் போனோம். குழாய் கொண்டுவந்தது நான் என்று மீசை முறுக்கித் திரிந்தவர் அவர். கன்னடத்தில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "சுவாமி, தேர் நாளில் குழாயை மூடினால் நான் முண்டாசு கட்டி நடக்க முடியாது. கங்கம்மாவை உள்ளே விடாதே என்று சொல்ல நான் யார், நீங்கள் யார்? தண்ணீர் கெட்டது என்றால் ஊர் முன்னால் காட்டுங்கள். ஊர் ஒத்துக்கொண்டால் மூடுகிறேன்."

இன்ஸ்பெக்டர் அதற்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஒரு டிரம் பிளீச்சிங் பவுடரைக் கல்யாணியில் கொட்டச் செய்துவிட்டார். வேரிலேயே வெட்டுகிறாராம். அந்தக் குளத்து மீன்கள் சாமி மீன்கள். பொரி போட்டால் கூட்டமாக வந்து வாயைத் திறக்கும், அதைப் பிடித்தவன் வம்சம் விளங்காது என்பார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லா மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. "சாமி, இன்னைக்குச் சந்தையில கிண்ணத்த எடுக்க வேண்டாங்கொ. பஸ் ஏறிப் போயி போலீசோட வாங்கொ" என்றேன். "போலீஸ் வரவரைக்கும் காலரா காத்துண்டிருக்குமாடா?" என்றார். ஞாயம்தான். ஆனால் ஞாயம் சந்தையில் எடுபடுமா?

சந்தைச் சாவடி மேடையில் கிண்ணங்களை இரண்டு வரிசையாக வைத்தார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் தொட்டித் தண்ணீர். எதிரே ஊரே நின்றது. முன்வரிசையில் லாடம் அடிக்கிறவர். மாட்டைக் கயிற்றால் வீழ்த்தி ஒற்றைக் கையால் அமுக்கிப் பிடிக்கிற ஆள். முந்தின நாள்தான் பேதியில் மகளைப் புதைத்துவிட்டு வந்திருந்தார். கண் இரண்டும் உலையில் போட்ட இரும்பு. இன்ஸ்பெக்டர் பவுடரைக் கலந்து, சொட்டு விட்டு, அரை மணி நேரம் கைகட்டி நின்றார். வெயிலில் கூட்டம் முணுமுணுத்தது. "மீனைக் கொன்ன கை", "பொட்டியைத் திறந்த அன்னிக்கே எங்க தெருவுல சாவு" என்று காதில் விழுந்தது. பிறகு கடைசி மருந்தைச் சொட்டினார். தொட்டித் தண்ணீர் வெள்ளையாகவே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் கிண்ணத்துக்குக் கிண்ணம் நீலமாயிற்று. கடைசிக் கிண்ணம் மயில் கழுத்து நிறம். "பாருங்கோ, நீலம் வந்தது நல்ல ஜலம்" என்று கன்னடத்தில் உரக்கச் சொன்னார்.

விஷமுண்ட சிவன் குடிகொண்ட நஞ்சன்கூட்டுக்குப் பக்கத்து ஜனங்களிடம் சொல்லும் சொல்லா அது? அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு நஞ்சுண்டன் உண்டு. ஆலகாலம் குடித்த சாமிக்குக் கழுத்து எந்த நிறம் என்று பால் குடிக்கிற பிள்ளையும் சொல்லும். லாடக்காரர் கிண்ணத்தையே பார்த்தார். "விஷ!" என்றார், மெதுவாகத்தான். பின்பு அடிவயிற்றிலிருந்து, "விஷ ஹாகித்தானே!" என்று கத்தினார். விஷம் கலந்துவிட்டான்! அவ்வளவுதான், கூட்டம் மேடைமேல் சாய்ந்தது. இன்ஸ்பெக்டர் என்ன செய்தார் தெரியுமா? ஓடவில்லை. அந்த மயில் கழுத்துக் கிண்ணத்தை எடுத்து, எல்லோரும் பார்க்க, மடக்கென்று குடித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு நொடி கூட்டம் நின்றது. சத்தியமாக நின்றது. அந்த நொடியில் பின்னாலிருந்து எவனோ ஒருவன் அவர் வயிற்றில் எட்டி உதைத்தான். குடித்ததெல்லாம் வாந்தியாக வெளியே வந்தது. வாந்திபேதி நடக்கிற ஊரில், நீலத் தண்ணீர் குடித்தவன் வாந்தி எடுத்தால் ஜனம் என்ன நினைக்கும்?

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. அடி விழும்போது யார் அடித்தான் என்று தெரியாது, எங்கே விழுந்தது என்றுதான் தெரியும். கிண்ணங்கள் காலடியில் நொறுங்கின. கல் ஒன்று என் தலையைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மூடிக்கொண்டது. நான் ரெஞ்சைச் சுழற்றினேன். ஒருவனுக்குக் காறை எலும்பு முறிந்த சத்தம் கேட்டது, இன்னொருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்கு என் உடம்பில் இருந்த பலம் அப்படி. பொய் என்றால் அந்த ஊரில் போய்க் கேளுங்கள், அடி வாங்கியவர்களின் பேரன்கள் சொல்வார்கள். இன்ஸ்பெக்டர் கீழே கிடந்தார். மிதித்தார்கள். வாயிலிருந்து பல்லோடு ரத்தம் வழிந்தது. லாடக்காரர் அவர் இடது கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்து, விறகை முறிப்பதுபோல் முறித்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. முறித்தவர் அதற்கு மேல் அடிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து மகள் பேரைச் சொல்லி ஓவென்று அழுதார். அவரைப் பார்த்துக் கூட்டம் தயங்கிய இடைவெளியில்தான் நான் இன்ஸ்பெக்டரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு சந்துக்குள் ஓடினேன்.

பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து ஓடினேன். தோளில் தொங்கியபடி, ரத்தம் கொப்பளிக்க, "மேட்டுக்குப் போடா" என்றார். "உங்க கை முறிஞ்சு தொங்குது சாமி!" "கையா ஜலம் குடிக்கறது? மேட்டுக்குப் போ. தொட்டியை உடை." மேடேறினேன். அவரைப் புளியமரத்தடியில் கிடத்திவிட்டு, காவல்காரன் கொட்டகையில் இருந்த சம்மட்டியை எடுத்தேன். தொட்டியிலிருந்து ஊருக்கு இறங்கும் பெரிய பைப்பு, நானே பூட்டியது, என் கையால் ஈயம் காய்ச்சி ஊற்றியது. ஒரு தகப்பன் பிள்ளையை அடிப்பதுபோல் அடித்தேன். முதல் அடியில் உடையவில்லை; வேறு எவன் பூட்டியதாக இருந்தாலும் உடைந்திருக்கும். கடைசியில் வார்ப்பு விண்டது. தண்ணீர் யானைத் துதிக்கை பருமனுக்குப் பீறிட்டுச் சரிவில் பாய்ந்தது. துரத்தி வந்த கூட்டம் பாதிச் சரிவில் நின்றது. அவர்கள் காலை நனைத்துக்கொண்டு அழுகின பூவும், தேங்காயும், சளிபோல ஆடையும், வளையலும் இறங்கின. நாற்றம் தாங்காமல் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். கௌடர் காறித் துப்பிவிட்டுச் சொன்னார்: "தேர் நாளில் ஊரைத் தாகத்தால் கொல்லப் போகிறாயடா."

அதுவும் உண்மைதான். குழாய் இல்லை, கல்யாணியில் செத்த மீன். மிச்சம் இருந்தது இஞ்சின் கொட்டகைக் கிணறு ஒன்றே. மைசூரிலிருந்து போலீஸ் வேன் வந்தது. ஊர் டிஸ்பென்சரியில் இன்ஸ்பெக்டர் கையில் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று போலீஸ்காரர்கள் கெஞ்சினார்கள். "தேர் முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, கொட்டகை வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. பார்த்தால் பயமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜனம் குடத்தோடு வந்தது. வந்து தள்ளியே நின்றது. தாகம் ஒருபக்கம், நீலம் ஒருபக்கம். கிணற்று வாளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒருவரும் தொடவில்லை. கடைசியில் ஒரு கிழவர் தன் குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அங்கே புத்தி என்றால் எசமான். "புத்தி, நீங்கள் முதலில் குடியுங்கள். நீங்கள் உயிரோடு இருந்தால் நாங்கள் குடிக்கிறோம்" என்றார். யாரைப் பார்த்து? பஸ்ஸில் வரும் கூஜாத் தண்ணீரைத் தவிர அடுத்தவர் பாத்திரத்தில் எதையும் தொண்டையில் இறக்காத மனிதரைப் பார்த்து! அந்தக் கிழவரின் தெரு வழியாக அக்ரஹாரத்து ஆட்கள் நடக்கவே மாட்டார்கள். அவர் குடத்தைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். நல்ல கையை நீட்டி, "ஊத்து" என்றார். உள்ளங்கையில் வாங்கி, பல் உடைந்த வாயால் உறிஞ்சிக் குடித்தார். தண்ணீரோடு ரத்தமும் வழிந்து கோட்டில் விழுந்தது. கிழவர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடத்தைத் தோளில் ஏற்றினார்.

அவ்வளவுதான், அடுத்த குடம் வந்தது. அதற்கடுத்தது. ஒரு குடத்தில் குடித்தாயிற்றே, எல்லாம் ஒரே கிணறுதானே என்று ஒருவரும் சொல்லவில்லை. என் குடத்தில் குடி, என் குடத்தில் குடி. கௌடர் வீட்டுக் குடம், தோல் பதனிடுகிறவர் வீட்டுக் குடம், சந்தைக்கு வந்த லம்பாணி நாடோடிப் பெண்ணின் குடம். தேர் வடம் பிடிக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது. இங்கே இவர் குடித்துக்கொண்டே இருந்தார். வயிறு உப்பிற்று. நடுநடுவே புளியமரத்துப் பின்னால் போய் வந்தார். "போதுஞ் சாமி, நான் குடிக்கறனுங்கொ" என்றேன். "விஷம் வச்சவன் நீயில்லையே. நான் குடிச்சாத்தான் நம்புவா" என்றார்.

வெயில் தாழும் நேரத்தில் லாடக்காரர் வந்தார். தலையைக் குனிந்துகொண்டு குடத்தை வைத்தார். போலீஸ்காரன் தடியைத் தூக்கினான். இன்ஸ்பெக்டர் முழங்கையால் அவனைத் தள்ளினார். நான் ரெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். லாடக்காரர் ஊற்றினார். தண்ணீர் பாதி இன்ஸ்பெக்டர் மடியில் சிந்திற்று. இன்ஸ்பெக்டர் குடித்து முடித்து, வாயைத் துடைத்து, மூடாத ஒற்றைக் கண்ணால் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "என்னய்யா குடம் இது? மாட்டுத் தொட்டி மாதிரி நாறறது. புளி போட்டுத் தேய், வெந்நீர் ஊத்திக் கவுத்து. அப்புறம் பிடி" என்று கத்தினார். லாடக்காரர் அங்கேயே மண்ணை அள்ளிக் குடத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தேன். தலைக் காயம் பிரிந்து மறுபடி ரத்தம் வந்தது.

தேருக்குப் பிறகு பேதி அடங்கியது. கங்கம்மா கோபம் தணிந்தது என்றார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நான் தொட்டிக்கு வெளியே ஒரு கல் தொட்டி கட்டிக் கொடுத்தேன், வெள்ளிக்கிழமைக் குடத்தை அதில் ஊற்றச் சொல்லி. இரும்பு மூடிக்குப் பூட்டுப் போட்டேன். இன்ஸ்பெக்டரின் முறிந்த கை நேராகச் சேரவில்லை. வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஊர் ஊராகக் கண்டவர் குடத்தில் குடித்தவர் என்று அக்ரஹாரத்தில் சிலர் அவரைப் பந்தியில் ஒதுக்கி வைத்ததாகவும், அவர் அவர்கள் வீட்டுக் கிணற்றையெல்லாம் சோதித்து மூட உத்தரவு போடுவேன் என்று மிரட்டியதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன். செய்யக்கூடியவர்தான்.

போன வருஷம் என் பேத்தி கல்யாணம், மைசூரில் பெரிய மண்டபத்தில். இலைக்கு இலை ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். பரிமாறுகிற பையனிடம், "இது நல்ல தண்ணியா?" என்று கேட்டேன். "சீல் இருக்கு தாத்தா" என்றான். "சீலைக் கேக்கல. நீ ஒரு மடக்குக் குடி பாக்கலாம்" என்றேன். பக்கத்து இலையிலிருந்து என் மகன், "அப்பா, சம்பந்தி முன்னால மானத்தை வாங்காதீங்கப்பா" என்று பல்லைக் கடித்தான். பையன் என்னைப் பார்த்தான். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான். திருகு மூடியைத் திறந்து, அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்து, "போதுமா தாத்தா?" என்றான். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு வாங்கிக் குடித்தேன்.